ஓ.சி.டி.க்குக் காணொளி வழியே சிகிச்சை: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் உள்ள பெரியவர்களுக்குக் காணொளி அழைப்பில் சிகிச்சை தரும் ஒரு சேவையில் சேர்ந்து, அதன் முழுச் சுற்றையும் முடித்திருக்கிறேன். இங்கே நான் சொல்லும் நிறைகுறைகளை வைத்து இவ்வகைச் சேவை எதையும் எடைபோடலாம் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. சிகிச்சை முறை மிகச் சரியானது. அதனுடன் இணைத்துத் தரும் செயலி அந்தத் தரத்தில் இல்லை என்பதே என் முடிவு.

இந்தச் சேவையின் அருமை புரிய, நோய் எப்படி இயங்குகிறது என்பது தெரிய வேண்டும். வேண்டாத ஓர் எண்ணமோ காட்சியோ உந்துதலோ மனத்துக்குள் நுழைகிறது. அது பதற்றத்தைக் கிளப்புகிறது. அந்தப் பதற்றத்தைத் தணிக்க நாம் கை கழுவுகிறோம், பூட்டை இழுத்துப் பார்க்கிறோம், நடந்ததை மனத்துக்குள் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறோம். உடனே கிடைக்கும் அந்தச் சிறு நிம்மதிதான் அடுத்த சுற்றுக்குத் தீனி. ஓ.சி.டி. என்றால் அளவுக்கு மீறிச் சுத்தம் பார்ப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். அன்புக்குரியவரைக் காயப்படுத்திவிடுவோமோ, தெய்வ நிந்தனை செய்துவிட்டோமோ என்ற அச்சங்களும் இதே நோய்தான் என்பது தெரியாமல், வெட்கத்தால் பல ஆண்டுகள் வாய் திறக்காதவர்கள் ஏராளம். நோயில்லாதவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கும் இதே போன்ற எண்ணங்கள் வந்து போகின்றன என்பதை உளவியலாளர்கள் ஸ்டான்லி ராக்மனும் பத்மல் டி சில்வாவும் 1978-ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து காட்டினார்கள். முதல் அமர்விலேயே சேவையின் உளவியலாளர் இதை எடுத்துச் சொன்னார். எண்ணத்தை வைத்து என்னை நானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு விளக்கமே பெரிய ஆறுதல்.

சேவை பின்பற்றும் முறைக்கு இ.ஆர்.பி. என்று பெயர். அஞ்சுவதைத் திட்டமிட்டு எதிர்கொள்ள வேண்டும். பிறகு பதற்றத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்யும் செயலை, அதாவது சடங்கை, செய்யாமல் இருக்க வேண்டும். 1966-இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் இதன் தொடக்க வடிவத்தைக் கையாண்டு, பலன் கிடைத்ததைப் பதிவு செய்தார், இன்று ஓ.சி.டி.க்கான உளவியல் சிகிச்சைகளில் முதலில் பரிந்துரைக்கப்படுவது இதுவே. முன்பு நான் சென்ற ஓர் ஆலோசனை மையத்தில், எண்ணம் வரும்போதெல்லாம் ‘நிறுத்து’ என்று மனத்துக்குள் அதட்டச் சொன்னார்கள். ‘அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது’ என்று ஒவ்வொரு முறையும் அன்போடு தேற்றி அனுப்பினார்கள். அவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் அந்தத் தேற்றுதலே எனக்கு இன்னொரு சடங்காகி, வாரந்தோறும் அதற்காகவே காத்திருக்க வைத்தது.

இங்கே நடந்தது நேர்மாறு. கைப்பேசியைக் கையில் பிடித்தபடி, கேமரா கதவைப் பார்க்காதவாறு திருப்பிவைத்து, ஒரே ஒரு முறை பூட்டிவிட்டுப் படியிறங்கச் சொன்னார் உளவியலாளர். பாதிப் படியில் நின்று, “பூட்டியிருப்பேன்தானே?” என்று கேட்டேன். “பூட்டியிருக்கலாம், பூட்டாமலும் போயிருக்கலாம். அந்தச் சந்தேகத்தைக் கூடவே வைத்துக்கொண்டு நடங்கள். நூற்றுக்கு எவ்வளவு பதற்றம்?” என்றார். எண்பது என்றேன். அவர் தேற்றவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. தெருமுனை வரை நடந்தும் அந்த எண் பெரிதாக இறங்கவில்லை. ஆனாலும் திரும்பிப் போய்ப் பார்க்காமல் என்னால் இருக்க முடிந்தது. பதற்றம் இறங்கியதா என்பதைவிட, பதற்றத்தோடேயே இருக்க முடியும் என்று கற்றோமா என்பதே முக்கியம் என அவர் பிறகு விளக்கினார். நோய் வாழும் இடம் வீடு என்பதால், மருத்துவமனை அறையைவிட இப்படி வாசலிலேயே நடந்த பயிற்சி எனக்குப் பல மடங்கு பயன் தந்தது. காணொளிச் சிகிச்சையின் ஆகப்பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான்.

குடும்பத்தாருக்கென ஓர் அமர்வை ஒதுக்கியிருப்பதையும் மனமாரப் பாராட்டுகிறேன். நோயாளியின் கெஞ்சலுக்கு இரங்கி அவருக்காகப் பூட்டைப் பார்த்துச் சொல்லும் கணவரோ மனைவியோ, தம்மையறியாமல் நோய்க்குத் துணைபோகிறார்கள். எரிந்து விழாமல், அதே நேரத்தில் பதிலும் சொல்லாமல் இருப்பது எப்படி என்று அவர்களுக்குச் சொற்களோடு சொல்லிக்கொடுத்தார்கள்.

மருந்தை இச்சேவை தருவதில்லை. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறது. மருந்துகளைப் பற்றி அது தரும் தகவல் கையேடு நேர்மையானது. செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெடின் போன்ற, எஸ்.எஸ்.ஆர்.ஐ. எனப்படும் மனச்சோர்வு நீக்கி வகை மருந்துகள் ஓ.சி.டி.க்குப் பெரும்பாலும் மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவில் தேவைப்படும். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது என்பதையெல்லாம் அது தெளிவாகச் சொல்கிறது.

இனி குறைகள். நோயின் கடுமையை அளக்க யேல்-பிரவுன் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 10 கேள்விகள், 0 முதல் 40 வரை மதிப்பெண். இதைச் சில வாரங்களுக்கு ஒருமுறை உளவியலாளர் கேட்டறிவது போதும். செயலியோ தினமும் ஒரு பதற்ற மதிப்பெண்ணைக் கேட்டு, வரைபடம் போட்டு, விடுபட்டால் நினைவூட்டலும் அனுப்புகிறது. சரிபார்ப்பதே நோயாக உள்ளவரிடம் திருத்தக்கூடிய ஓர் எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும்? போட்ட மதிப்பெண் சரிதானா என்று இரவில் திறந்து திறந்து பார்த்தேன். உளவியலாளரிடம் சொன்னதும், செயலியில் எதையும் பதியாமல் இருப்பதையே ஒரு பயிற்சியாக மாற்றினார். அவர் திறமையானவர் என்பதால் தப்பித்தேன். வடிவமைப்பு அவரை நம்பி இருக்கக் கூடாது. எந்நேரமும் செய்தி அனுப்பலாம் என்ற வசதிக்கும் இதே ஆபத்து உண்டு. தேற்றுதல் கேட்டு வரும் செய்திகளை எப்படிக் கையாள்வது என்ற விதியைத் தொடக்கத்திலேயே இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

மனத்துக்குள் நடக்கும் சடங்குகளைப் பற்றிய பாடங்கள் மிகவும் மெலிந்திருக்கின்றன. ஒன்று, இரண்டு என எண்களை எண்ணுவது, பிரார்த்தனையைப் பிழையின்றி வரும்வரை திரும்பச் சொல்வது, நினைவுகளைத் தோண்டுவது ஆகியவை மட்டுமே உள்ளவர்கள், உளவியலாளர் துருவிக் கேட்காவிட்டால், பாதிச் சிகிச்சையோடு வெளியேறிவிடக்கூடும்.

வெளியே சென்று வர முடிந்த, நோய் மிதமாக உள்ள பெரியவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சாப்பிடவோ குளியலறையை விட்டு வெளியே வரவோ முடியாத அளவுக்குச் சடங்குகள் கட்டிப்போட்டிருப்பவர்களும், தற்கொலை எண்ணம் உள்ளவர்களும் நேரில் மருத்துவரைப் பார்ப்பதே முறை. சேரும் முன், ‘அமர்வு நடக்கும்போதே என்னோடு பயிற்சி செய்வீர்களா, பேச்சோடு நிறுத்திவிடுவீர்களா?’ என்று எந்தச் சேவையிடமும் கேளுங்கள். இ.ஆர்.பி. தெரிந்தவர் அதற்கு உடனே பதில் சொல்வார். உங்களை முதலில் எந்த இடத்தில் நிற்க வைக்கலாம் என்றும் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.