கான்ஸ்டன்ஸா, லிண்டாவா, பிரெகென்ஸா: மூன்று நாட்டு ஏரிக்கரையில் எங்கே தங்குவது?

கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு வடக்கே ஜெர்மனி, தெற்கே சுவிட்சர்லாந்து, கிழக்கு மூலையில் சிறு துண்டாக ஆஸ்திரியா. மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும் என்பதால், காலையில் ஒரு நாடு, மதியம் ஒரு நாடு, மாலையில் ஒரு நாடு என்று சுற்றிவர யாருக்கும் ஆசை வரும். வரைபடத்தில் சிறியதாகத் தெரியும் இந்த ஏரியின் பரப்பு 536 சதுர கிலோமீட்டர். கான்ஸ்டன்ஸ் நகரிலிருந்து லிண்டாவுக்கு, இரண்டும் ஜெர்மனியில்தான், கப்பலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்; ரயிலில் போனாலும் வழியில் மாற வேண்டும். ஆகவே பெட்டியை எந்த ஊரில் இறக்குவது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே முடிவுசெய்துவிடுவது நல்லது.

என் ஓட்டு கான்ஸ்டன்ஸுக்கு. கோடையில் பிரெகென்ஸின் ஓபரா விழா நடக்கும் வாரங்களில் மட்டும் அது பிரெகென்ஸுக்கு மாறும். லிண்டாவுக்கு ஒரு இரவு போதும்.

கான்ஸ்டன்ஸைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அது உட்கார்ந்திருக்கும் இடம். ரைன் ஆற்றுக்குத் தெற்கே, சுவிஸ் கரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஜெர்மானியத் துண்டு இந்தப் பழைய நகரம். அடுத்த தெருவில் சுவிட்சர்லாந்தின் கிராய்ட்ஸ்லிங்கன் தொடங்கிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் மற்ற ஜெர்மானிய நகரங்கள் இருட்டில் ஒளிந்துகொள்ள, இந்த ஊர் விளக்குகளை எரியவிட்டு, நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தோடு கலந்து தெரிந்ததாம். குண்டு விழாததற்கு ஊரில் சொல்லும் காரணம் இதுதான். காரணம் எதுவானாலும் பலன் கண்முன்னே இருக்கிறது. இடைக்காலத் தெருக்கள் மறுகட்டுமானம் அல்ல, அசல்.

1414 முதல் 1418 வரை இங்கே கூடிய திருச்சபைப் பேரவை, ஒரே நேரத்தில் மூன்று பேர் போப்பாண்டவர் பட்டம் கோரிய குழப்பத்தைத் தீர்த்தது. 1417-இல் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்த கட்டடம் துறைமுகத்தருகே இன்றும் நிற்கிறது. அடிப்படையில் அது 1388-இல் கட்டத் தொடங்கிய வணிகச் சரக்குக் கிடங்கு. அதே பேரவைதான், பாதுகாப்பு உறுதி கொடுத்து வரவழைக்கப்பட்ட போஹேமிய (இன்றைய செக் நாடு) சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸை 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரிக்கவும் வழிசெய்தது. இந்த வரலாற்றுக்கு ஊர் வைத்துக்கொண்ட கேலிச்சின்னம் துறைமுக முனையில் சுழன்றுகொண்டிருக்கும், இம்பீரியா என்னும் கணிகையின் சிலை. சிற்பி பீட்டர் லெங்க் 1993-இல் நிறுவிய ஒன்பது மீட்டர் உயரப் பெண்; கைக்கு ஒன்றாக இரண்டு நிர்வாணக் குள்ளர்கள், ஒருவன் தலையில் போப்பின் முடி, மற்றவன் தலையில் பேரரசனின் கிரீடம். வைத்த காலத்தில் பெரிய எதிர்ப்பு. நின்ற நிலம் நகராட்சியுடையது அல்ல என்பதால் அகற்ற முடியவில்லை. இப்போது அஞ்சலட்டைகளில் எல்லாம் அவள்தான்.

இவை எல்லாம் பார்ப்பதற்கு. ஊரின் குணம் தெரிய வேண்டுமானால் ஒரு சனிக்கிழமை கடைவீதிக்குப் போக வேண்டும். சுவிஸ் சம்பளத்துக்கு ஜெர்மன் விலை மலிவு. ஷாம்பூ, பற்பசை, இறைச்சி என்று எல்லை தாண்டி வந்து வண்டி நிறைய வாங்குகிறார்கள். வாங்கிய பொருளுக்கு ஏற்றுமதிச் சீட்டு எழுதி, எல்லையில் ஜெர்மன் சுங்கத்தாரிடம் முத்திரை வாங்கினால் ஜெர்மன் விற்பனை வரி திரும்பக் கிடைக்கும். சின்னச் சின்ன பில்களுக்கெல்லாம் முத்திரை குத்திக் களைத்த ஜெர்மன் அரசு, 2020 முதல் 50 யூரோவுக்கு மேற்பட்ட பில்லுக்குத்தான் என்று கட்டுப்படுத்தியது. சுவிஸ் அரசும் தன் பங்குக்கு, வரியின்றிக் கொண்டுவரக்கூடிய சரக்கின் மதிப்பை 2025-இல் 300 ஃபிராங்கிலிருந்து 150 ஆகக் குறைத்தது. உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நின்று முணுமுணுக்கிறார்கள். ஆனால் இந்த அளவு ஊருக்கு இத்தனை கடைகள் யாரால் பிழைக்கின்றன என்று அவர்களுக்கும் தெரியும். எல்லை வேலி 2006-இல் எடுக்கப்பட்டு, ஏரிக்கரையில் அது நின்ற கோட்டில் சிற்பங்கள் வந்துவிட்டன. சுங்கக் கோடு மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டை அறையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்; எப்போதாவது கேட்பார்கள். இன்னொன்று, கைபேசி தானாகவே சுவிஸ் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால், ஒன்றிய சிம் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அங்கேதான் பில் எகிறும்.

சுற்றுவட்டாரத்திலும் கான்ஸ்டன்ஸுக்கே கை ஓங்கியிருக்கிறது. 724-இல் மடாலயம் தோன்றிய ரைச்செனாவ் தீவு அருகில்தான். யுனெஸ்கோ 2000-இல் அங்கீகரித்த அதன் மூன்று பழந்தேவாலயங்களையும் தக்காளி, வெள்ளரி, கீரைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளில் போய்ப் பார்க்கலாம். பூந்தோட்டத் தீவான மைனாவ் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 45 ஹெக்டேர் ஒழுங்கும் கணிசமான நுழைவுக் கட்டணமும். குழந்தைகளோடு போனால் பட்டாம்பூச்சிக் கூடம் ஒன்றே அந்தக் காசுக்கு ஈடுகட்டிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்க்கரையில் மேர்ஸ்புர்க், கார்களை ஏற்றிச்செல்லும் படகு 1928 முதல் ஓடுகிறது. கால் மணி நேரப் பயணம், இரவிலும் சேவை உண்டு. ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபனுக்குக் கட்டமரான் படகில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1900 ஜூலை 2 அன்று முதல் செப்பெலின் வான்கப்பல் எழும்பியது அந்த ஊர் ஏரிப்பரப்பிலிருந்துதான். பழைய துறைமுக ரயில் நிலையத்தில் உள்ள அருங்காட்சியகத்தில், 1937-இல் எரிந்த ஹிண்டன்பர்க் வான்கப்பலின் ஒரு பகுதியை முழு அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏறிப் பயணியர் அறைகளைப் பார்க்கலாம். இந்தக் கரையில் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால் இதற்கே போங்கள்.

லிண்டாவின் அழகை யாரும் மறுக்க முடியாது. தீவின் மேல் பழைய ஊர், துறைமுக வாயிலின் ஒரு பக்கம் பவேரியச் சிங்கச் சிலை, மறுபக்கம் 33 மீட்டர் கலங்கரை விளக்கம், இரண்டும் 1856-இல் வந்தவை, பின்னணியில் ஆல்ப்ஸ். மற்ற இரண்டு ஊர்களிலும் இப்படி ஒரு காட்சி கிடையாது. சிக்கல் என்னவென்றால் அது எல்லோருக்கும் தெரியும். கோடை நண்பகலில் துறைமுகத்தில் நாற்காலி கிடைப்பது அரிது, கிடைத்தால் காப்பி விலை கசக்கும். பகல் கூட்டம் கலைந்த பிறகுதான் ஊர் மூச்சுவிடுகிறது. நான் ஒரு இரவு என்று சொன்னது அந்த மாலைக்காக. அதற்கு மேல் தங்கினால் அதே தெருக்களை மறுபடியும் நடக்க வேண்டியதுதான். ஒரு விதிவிலக்கு: 1951 முதல் கோடைதோறும் நோபல் பரிசாளர்கள் இங்கே இளம் விஞ்ஞானிகளைச் சந்திக்கிறார்கள். அந்த வாரம் அறை தேடுவது வீண்.

லிண்டாவிலிருந்து ரயிலில் பத்து நிமிடம் போல ஆனால் பிரெகென்ஸ். நாடு மாறியது தெரியாது, ஊர் மாறியது உடனே தெரியும். ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க் மாநிலத்தின் தலைநகரம் இது. ஆனாலும் வியன்னாவின் சாயல் கொஞ்சமும் இல்லை. பேச்சு சுவிஸ் ஜெர்மனுக்கு நெருக்கமான அலெமன்னியம். 1919-இல் இந்த மாநிலத்தில் வாக்களித்தவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் சுவிட்சர்லாந்தோடு சேர்வதற்கான பேச்சைத் தொடங்கச் சொன்னார்கள். சுவிஸ் பக்கம் ஆர்வம் காட்டவில்லை. சிக்கனம், மரவேலை, நவீனக் கட்டடக்கலை ஆகியவற்றில் இவர்களுக்குள்ள பெருமையைப் பார்த்தால், அந்த வாக்கெடுப்பு இன்னும் முடியவில்லையோ என்று தோன்றும். பீட்டர் சும்தோர் வடிவமைத்து 1997-இல் திறந்த கண்ணாடிக் கலைக்கூடத்தை, உள்ளே என்ன கண்காட்சி நடந்தாலும், வெளியிலிருந்தாவது பாருங்கள்.

விழாதான் இங்கே பெரிய ஈர்ப்பு. 1946-இல் இரண்டு சரக்குப் படகுகளின் மேல் நடத்திய நிகழ்ச்சியில் தொடங்கியது, இப்போது ஏரிக்குள் நிரந்தர மேடை, கரையில் சுமார் 7,000 இருக்கைகள். ஒரே ஓபரா இரண்டு கோடைகள் ஓடும். அதற்காக எழுப்பும் பிரம்மாண்டமான அரங்க அமைப்பு நடுவிலுள்ள குளிர்காலத்தையும் தண்ணீரிலேயே கழிக்கும். பாடகர்களின் முகம் தெரியாத தூரத்தில் ஓபரா கேட்பதா என்று ரசிகர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஓபராவே கேட்டிராதவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. மழை வலுத்தால் நிகழ்ச்சி உள்ளரங்குக்கு மாறும், ஆனால் அங்கே இடம் கூடுதல் விலை டிக்கெட்டுக்கு மட்டும். வாங்கும்போதே எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். விழா இல்லாத மாதங்களில் பிரெகென்ஸ் சற்றே மந்தம். ஊருக்கும் ஏரிக்கும் நடுவே தண்டவாளம் ஓடுவதால், தண்ணீர் பக்கத்திலிருந்தும் தள்ளியிருப்பது போலத் தோன்றும். அதை ஈடுகட்டுவது ஃபேண்டர் மலை: 1,064 மீட்டர், 1927 முதல் கேபிள் கார். மேலே நின்றால் ஏரியின் மூன்று நாடுகளும் ஒரே பார்வையில் அடங்கிவிடும்.

சுவிஸ் கரையை ஏன் போட்டியில் சேர்க்கவில்லை? விலைதான் காரணம். ரோர்ஷாக், ரோமன்ஸ்ஹார்ன் ஆகியவை நல்ல அமைதியான ஊர்கள். அந்தக் கட்டணத்தில் எதிர்க்கரையில் இன்னும் நல்ல அறை கிடைக்கும். ஆனால் அங்கிருந்து மலைப்பக்கம் ஏறினால் சங்க்ட் காலன் நகரம். மெத்தென்ற செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டிய அங்குள்ள மடாலய நூலகத்துக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்காமல் திரும்பாதீர்கள்.

சாப்பாட்டில் பிரெகென்ஸ் முந்துகிறது. சைவர்களுக்குப் பாலாடைக்கட்டியும் பொரித்த வெங்காயமும் சேர்ந்த கேஸ்க்னோப்ஃப்லே என்னும் வேகவைத்த சிறு மாவுத் துண்டுகள் உண்டு. ஒரு தட்டு தீர்ந்தால் இரவு உணவு வேண்டாம். மீன் பிரியர்களுக்குத்தான் ஏமாற்றம். கரையெங்கும் உணவகப் பலகைகளில் ஃபெல்ஷன் மீனின் பெயர் இருக்கும். ஏரியின் பெரும்பகுதியான மேல் ஏரியில் அதைப் பிடிப்பதற்கு 2024 தொடக்கத்திலிருந்து மூன்று ஆண்டுத் தடை. பிடிபாடு அந்த அளவுக்குச் சரிந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்ததில் ஏரி தெளிந்தது, சத்தும் குறைந்தது. 2016-இல் நுழைந்த குவாகா சிப்பி மிச்சமிருந்த நுண்ணுயிரிகளை வடிகட்டித் தின்கிறது. இளம் மீன்களை ஸ்டிக்கில்பேக் மீன்கள் தின்கின்றன. ஆகவே தட்டில் வருவது பெரும்பாலும் வேறு ஏரியின் மீன். விந்தை என்னவென்றால், மேல் ஏரியில் யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்று மூன்று நாடுகளும் இன்றுவரை உடன்படவில்லை. ஆஸ்திரியா பொதுச்சொத்து என்கிறது, சுவிட்சர்லாந்து நடுக்கோடு என்கிறது, ஜெர்மனி தெளிவாக எதையும் சொன்னதில்லை. மீன்பிடிக்கு மட்டும் 1893-லேயே ஒப்பந்தம் போட்டு ஒற்றுமையாக நடந்துகொள்கிறார்கள்.

பருவத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். பயணிகள் கப்பல்கள் வசந்தத்திலிருந்து அக்டோபர் வரைதான் முழு வீச்சில் ஓடும். நவம்பரில் ஏரியின் மேல் மூடுபனி இறங்கினால் நாட்கணக்கில் விலகாது. லிண்டாவின் சிங்கம் அப்போது பாதிதான் தெரியும். அந்த மாதங்களில் வருபவர்கள் யோசிக்காமல் கான்ஸ்டன்ஸில் அறை போடலாம்: பல்கலைக்கழக மாணவர்களால் விடுதிகளும் காப்பிக் கடைகளும் நிறைந்திருக்கும், மேர்ஸ்புர்க் படகும் நிற்காது. வெயில் வேண்டுமென்றால் ஒரு நாள் ரயிலேறி ஃபேண்டர் உச்சிக்குப் போய்விடுங்கள். பல நாட்களில் மூடுபனி கீழே தங்கிவிடும். காரில் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஜெர்மன் எல்லையிலிருந்து ஹோஹெனெம்ஸ் வரையிலான ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு 2019 டிசம்பர் முதல் கட்டண வில்லை (சாலைக் கட்டணம் செலுத்தியதற்கான சீட்டு) தேவையில்லை. சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏறினால் மட்டும் 40 ஃபிராங்கு கொடுத்து ஆண்டு வில்லை வாங்கியே ஆக வேண்டும், ஒரே ஒரு நாள் ஓட்டினாலும்.