பழைய ஃபிளாஷ் கோப்பை எதில் திறப்பது? ரஃபிளா, ஃபிளாஷ்பாயின்ட்டா, பழைய இன்ஸ்டாலரா?

பழைய பாட சிடியைக் கணினியில் போட்டால் 'ஃபிளாஷ் பிளேயர் தேவை' என்று ஒரு கட்டம் வந்து நிற்கிறது. இணையத்தில் தேடினால் 'இலவச டவுன்லோட்' பொத்தானோடு ஏகப்பட்ட தளங்கள். அவற்றைத் தொடவே வேண்டாம். பிரவுசரில் அனிமேஷனையும் விளையாட்டையும் ஓட்டிய ஃபிளாஷ் என்ற மென்பொருளுக்கு, அதன் நிறுவனமான அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே கோப்புகளை ஓட்ட மறுக்கும்படியும் செய்துவிட்டது. ஆக, 'உங்கள் ஃபிளாஷ் பழையதாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யுங்கள்' என்று இன்று எந்தப் பக்கம் கூவினாலும் அது பொய்.

சினிமா, சீரியல் பார்க்க மட்டும்தான் என்றால் இந்தப் பேச்சே தேவையில்லை. கட்டணத் தளங்களின் வீடியோவைத் திறக்கும் வைட்வைன் என்ற துணை நிரலைக் குரோமும் ஃபயர்பாக்ஸும் தாங்களே இறக்கி, தாங்களே அப்டேட் செய்துகொள்ளும். பிரவுசரை மட்டும் புதிதாக வைத்திருந்தால் போதும். சிக்கல் எல்லாம் எஸ்டபிள்யூஎஃப் (.swf) என்று முடியும் ஃபிளாஷ் கோப்புகளில்தான்.

முதலில், யாராவது பென்டிரைவில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய இன்ஸ்டாலர். அது அசல் அடோபி கோப்பாகவே இருக்கட்டும், டிஜிட்டல் கையொப்பமும் சரியாகவே இருக்கட்டும். கோப்பு யாருடையது என்பதைத்தான் கையொப்பம் சொல்லும். அதில் ஓட்டை இருக்கிறதா என்று சொல்லாது. குரோம் 88-லும் ஃபயர்பாக்ஸ் 85-லும் ஃபிளாஷை அடியோடு தூக்கிவிட்டார்கள். எனவே பிரவுசரில் ஒட்டிக்கொண்டு ஓடும் இந்தத் துணை நிரலுக்காக (பிளகின்) பிரவுசரையும் பழைய பதிப்புக்கு இறக்க வேண்டிவரும். ஜன்னல் பூட்டு கெட்டுவிட்டது என்று வாசற்கதவையும் கழற்றி வைப்பது போன்ற வேலை இது. அசல் கிடைக்காமல் போலி மாட்டினால் இன்னும் மோசம். ஃபிளாஷ் உயிரோடு இருந்த காலத்திலேயே, 2017 அக்டோபரில், ரஷ்யாவிலும் உக்ரைனிலும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட 'பேட் ரேபிட்' ஃபிளாஷ் இன்ஸ்டாலர் வேடத்தில்தான் உள்ளே புகுந்தது.

அடுத்தது ரஃபிள். என் ஓட்டு இதற்குத்தான். இது அடோபியின் நிரலை எடுத்து ஒட்டுப்போட்டதல்ல. ரஸ்ட் என்ற நிரல்மொழியில் புதிதாக எழுதிய திறமூல எமுலேட்டர், அதாவது அசல் பிளேயரைப் போலவே நடந்துகொள்ளும் மாற்று நிரல். ஃபிளாஷின் ஆபத்தான ஓட்டைகளில் பெரும்பகுதி நினைவகத்தைத் தப்பாகக் கையாண்டதால் வந்தவை. ரஸ்ட் அந்த வகைப் பிழைகளைப் பெரும்பாலும் கம்பைல் செய்யும்போதே பிடித்துவிடும். பிரவுசருக்குள் ஓடும்போது நிரலை அடைத்து வைத்து ஓட்டும் வெப்அசெம்ப்ளியின் வேலி வேறு இருக்கிறது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் 2020 நவம்பரில் தன் ஃபிளாஷ் சேமிப்பைத் திறந்துவிட்டதும் ரஃபிளை நம்பித்தான்.

ரஃபிளிலும் எந்த வடிவத்தை எடுக்கிறோம் என்பது முக்கியம். எக்ஸ்டென்ஷனாகப் போட்டால், 'எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும். தளங்களில் பதிந்திருக்கும் ஃபிளாஷைத் தேடிப்பிடித்து ஓட்டுவதற்கு அது வேண்டும்தான். ஆனால் வங்கிக் கணக்கு திறக்கும் அதே பிரவுசரில் அவ்வளவு அகலமான அனுமதி எதற்கு? குரோமில் எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்துக்குப் போய், தள அனுமதியைக் கிளிக் செய்யும்போது மட்டும் என்று சுருக்கிவிடலாம். சொந்த சிடியில் உள்ள கோப்பு மட்டும்தான் என்றால் எக்ஸ்டென்ஷனே வேண்டாம். ரஃபிளின் டெஸ்க்டாப் செயலி போதும். அல்லது அவர்களுடைய தளத்தின் டெமோ பக்கத்தில் கோப்பை இழுத்துப் போட்டுப் பாருங்கள், எதையும் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். ஓடும் படத்தின்மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் 'அபவுட் ரஃபிள்' என்று பதிப்பு விவரத்தோடு ஒரு வரி இருக்கும். ஓட்டுவது எது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2-ல் செய்த பழைய கோப்புகள் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 இன்னும் முழுமை பெறவில்லை. பாதியில் நிற்கலாம், எழுத்துகள் இடம் மாறலாம். டிசிஆர் என்று முடியும் ஷாக்வேவ் கோப்புகளை ரஃபிள் தொடவே தொடாது. பெயர் ஒரே குடும்பம் போல இருந்தாலும் அது வேறு சரக்கு.

அங்கேதான் ஃபிளாஷ்பாயின்ட் ஜெயிக்கிறது. ஃபிளாஷ், ஷாக்வேவ், ஜாவா, யூனிட்டி வெப் பிளேயர் என்று பழைய பிரவுசர் விளையாட்டுகளும் அனிமேஷன்களுமாக 2 லட்சத்துக்கும் மேல் திரட்டி வைத்திருக்கிறார்கள். வேண்டியதை மட்டும் இறக்கிக்கொள்ளும் பதிப்பும் உண்டு. ஆனால் உள்ளே ஓடுவதில் பல அசல் பழைய பிளகின்கள்தான். உங்கள் அன்றாடப் பிரவுசரிலிருந்து தள்ளி வைத்து ஓட்டுவதே அதன் பாதுகாப்பு. சின்ன வயதில் ஆடிய விளையாட்டைத் தேடுகிறீர்களா, இங்கே வாருங்கள். கையில் இருக்கும் சிடிக்கு இது சுற்றுவழி.

இரண்டிலும் ஓடாத கோப்புக்குக் கடைசியாக அடோபியின் தனி புரொஜெக்டர் இருக்கிறது. பிரவுசரில் ஒட்டிக்கொள்ளாமல் எஸ்டபிள்யூஎஃபை நேரடியாகத் திறக்கும். ஆனால் அதுவும் அப்டேட் நின்றுபோன அதே பழைய நிரல்தான். கணினிக்குள் தனிக் கணினி போல ஓடும் விர்ச்சுவல் பாக்ஸ் மாதிரி ஒன்றுக்குள் போட்டு, நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த கோப்பை மட்டும் திறங்கள்.

அப்புறம், கணினியில் ஏற்கெனவே ஃபிளாஷ் கிடக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட நீக்கும் அப்டேட் விண்டோஸோடு வந்த ஃபிளாஷை மட்டும்தான் எடுக்கும். நாமே தனியாகப் போட்டது கன்ட்ரோல் பேனலில் அப்படியே இருக்கும், அதை நாம்தான் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும்.