ஃப்ளாட்பெட் லீஸ்: 75 சதவீதமா, 85 சதவீதமா, மைல் கணக்கா?

அமெரிக்காவில் சொந்த ட்ரக் வைத்திருப்பவர் ஒரு ஃப்ளாட்பெட் (சுவரும் கூரையும் இல்லாத தட்டை ட்ரெய்லர்) கம்பெனியோடு லீஸில் சேரப் போனால், அதாவது தன் வண்டியை அந்தக் கம்பெனியின் பெயரில் ஓட்ட ஒப்பந்தம் போடப் போனால், அவர் காதில் முதலில் விழுவது ஒரு சதவீதம். “நாங்கள் 75 தருகிறோம்”, “நாங்கள் 85”. அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். எந்தத் தொகையில் அந்தச் சதவீதம் என்பதுதான் முதல் கேள்வி. காலி ஓட்டம் எத்தனை மைல் என்பது இரண்டாவது.

ஒரு மாதிரிக் கணக்கு. லோடோடு 1,000 மைல், அதற்கு முன் காலியாக 150 மைல். வாடிக்கையாளர் தருவது 3,000 டாலர்: சரக்குக் கட்டணம் 2,400, டீசல் கூடுதல் கட்டணம் 450, தார்ப்பாய் கட்ட 150.

முதல் கம்பெனி சரக்குக் கட்டணத்தில் 75 சதவீதம் தருகிறது. டீசல் கட்டணமும் தார்ப்பாய்க் காசும் முழுதாக வண்டிக்காரருக்கே. கையில் வருவது 2,400. இரண்டாவது கம்பெனி 85 சதவீதம் என்கிறது. ஆனால் டீசல் கட்டணத்தைத் தானே வைத்துக்கொண்டு, தார்ப்பாய்க்கு 50 மட்டும் தருகிறது. வருவது 2,090. பெரிய சதவீதம் சொன்ன இடத்தில் 310 டாலர் குறைவு. மூன்றாவது கம்பெனி லோடு, காலி இரண்டுக்கும் மைலுக்கு 1.25 டாலரும் டீசலுக்கு 45 சென்ட்டும், தார்ப்பாய்க்கு 100 டாலரும் தருகிறது. 1,150 மைலுக்கு 2,055.

இத்தோடு நிறுத்தினால் முதல் கம்பெனிதான் நல்லது. ஆனால் வாராந்தரப் பிடித்தம் இருக்கிறது. முதல் கம்பெனியில் ட்ரெய்லர் வாடகை, இன்ஷூரன்ஸ், எலெக்ட்ரானிக் லாக் (ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவி), நம்பர் பிளேட் எல்லாம் சேர்ந்து வாரம் 450 டாலர், மூன்றாவதில் ட்ரெய்லர் இலவசம் என்பதால் 150 டாலர் என்று வைப்போம். வாரம் 2,300 மைல் ஓடினால் பிடித்தம் போக முதல் கம்பெனியில் மைலுக்கு சுமார் 1.89, மூன்றாவதில் 1.72. இப்போது வாரம் அதே 2,300 மைலில், ஒவ்வொரு லோடுக்கும் காலி ஓட்டத்தை 150-இலிருந்து 300 ஆக்கிப் பாருங்கள். முதல் கம்பெனி 1.65-க்கு இறங்குகிறது, மூன்றாவது 1.71-இல் நிற்கிறது. கணக்கு தலைகீழாகிவிட்டது. சதவீதக் கம்பெனியில் காலி மைல் வண்டிக்காரர் தலையில். மைல் கணக்குக் கம்பெனியில் அது கம்பெனி தலையில். மைல் கணக்கில் சேர்பவர் கேட்க வேண்டிய இன்னொன்று, மைலை எதை வைத்து அளக்கிறார்கள் என்பது. வீட்டுச் சாமான் மைல் என்ற பழைய அளவு, வண்டி உண்மையில் ஓடும் தூரத்தை விடப் பெரும்பாலும் குறைவாகவே வரும்.

லோடு யார் கையில் என்பதும் இதோடு ஒட்டியது. லேண்ட்ஸ்டார் போன்ற கம்பெனியில் தனித்தனி ஏஜென்ட்கள் சரக்கு பிடிப்பார்கள். வண்டிக்காரர் லோடு போர்டை (கிடைக்கும் லோடுகளின் பட்டியலை) பார்த்து, பேசி, வேண்டியதை எடுப்பார், வேண்டாததை விடுவார். கென்டக்கியின் லூயிவில்லில் இருக்கும் மெர்சரும் சொந்த வண்டிக்காரர்களை நம்பியே நடக்கும் ஃப்ளாட்பெட் கம்பெனி. விலை பேசவும், எந்த ஊருக்குப் போனால் திரும்பி வர லோடு கிடைக்கும் என்றும் தெரிந்தவருக்கு இந்த முறை பொருந்தும். ஃப்ளாட்பெட்டுக்குப் புதியவர் அங்கே போனால், நல்ல விலைக்கு ஆசைப்பட்டு ஃப்ளோரிடாவின் தெற்கே லோடை இறக்கிவிட்டு, 400 மைல் காலியாக ஜார்ஜியாவுக்கு ஏறி வருவார். முதல் வருடத்துக்கு டிஸ்பாட்சர் (கம்பெனியில் லோடு ஒதுக்குபவர்) லோடு போடும் கம்பெனியே நல்லது என்பது எங்கள் கருத்து. அங்கேயும் ஒன்றைக் கேளுங்கள்: ஒரு லோடை மறுத்தால் அடுத்தது எத்தனை மணி நேரம் தள்ளிப்போகும்?

கம்பெனியின் சரக்கு எது என்று பாருங்கள். இண்டியானாவின் கேரி, அலபாமாவின் பர்மிங்ஹாம் பக்கம் இரும்புச் சுருள்; ஹூஸ்டனில் குழாயும் எண்ணெய்க் கிணற்றுச் சாமானும்; வடமேற்கில் மரம். கட்டுமானச் சரக்கை மட்டும் நம்பிய கம்பெனியில் டிசம்பரும் ஜனவரியும் மெலிந்துவிடும். 45,000 பவுண்டு சுருளுக்குக் கட்டுகளின் மொத்த வேலைச் சுமை அளவு (அவை பாதுகாப்பாகத் தாங்கும் எடை) சுருளின் பாதி எடையாவது, அதாவது 22,500 பவுண்டு இருக்க வேண்டும். 3/8 அங்குல கிரேடு 70 சங்கிலி ஒன்று 6,600 பவுண்டு தாங்கும், 4 அங்குல ஸ்ட்ராப் 5,400. சுருள் ஏற்றும் கம்பெனியில் சேர்வதென்றால் சங்கிலி, பைண்டர் (சங்கிலியை இறுக்கும் கருவி), சுருள் ரேக் (சுருள் உருளாமல் தாங்கும் சட்டம்), தார்ப்பாய் எல்லாம் வேண்டும். இவற்றை யார் வாங்குவது, கடனில் தந்தால் வாரம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ட்ரெய்லர் சொந்தமாக இருந்தால் வழக்கமாக சதவீதம் கூடும். 48 அடி, அச்சுகள் 10 அடி விலகிய ஸ்ப்ரெட் ஆக்ஸில் ட்ரெய்லரில் பின் அச்சுகள் மேல் 40,000 பவுண்டு வரை எடை விழலாம். அச்சுகள் நெருங்கிய டாண்டமில் 34,000 தான். சுருளுக்கு அது பெரிய வசதி, ஆனால் வளைவுகளில் டயர் தேய்ந்து போகும்.

இனி ஒப்பந்தத் தாள். மத்திய அரசின் விதித் தொகுப்பான சிஎஃப்ஆரில் 49-ஆம் தலைப்பு, பகுதி 376 லீஸ் விதிகள், படித்தவருக்கு நல்ல ஆயுதம். லோடு இறக்கிய தாள்களைக் கொடுத்த 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். பில் ஆஃப் லேடிங்கில் (சரக்குச் சீட்டில்) குறை எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காகப் பணத்தை நிறுத்திவைக்கும் நிபந்தனை கூடாது. சதவீதத்துக்கு ஓடினால் வாடிக்கையாளருக்குப் போன கட்டண பில்லின் நகலையோ, அதே விவரம் கொண்ட கணினித் தாளையோ தர வேண்டும். அதைத் தரத் தயங்கும் கம்பெனியின் 85-ஐ நம்ப வேண்டாம். கம்பெனியே நடத்தும் புரோக்கர் பிரிவு முதலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் “மொத்தம்” என்று காட்டுகிறதா என்பதையும் அங்கேதான் கண்டுபிடிக்க முடியும்.

அகலம் 8 அடி 6 அங்குலத்தைத் தாண்டும் லோடுகள் எடுக்கும் கம்பெனி என்றால் பெர்மிட் யார் செலவு என்று லீஸிலேயே இருக்க வேண்டும். பெர்மிட் தவறாக எடுக்கப்பட்டதால் அபராதம் வந்தால், வண்டிக்காரர் செய்த தவறாக இல்லாதவரை அது கம்பெனியின் பொறுப்பு. விதியே அப்படிச் சொல்கிறது. டோல், காலி மைல், காத்திருப்புக் கூலி, பிளேட் எல்லாமே யார் பொறுப்பு என்று தாளில் வர வேண்டியவை. கம்பெனியிடமே டயர், டீசல், இன்ஷூரன்ஸ் வாங்கினால்தான் லீஸ் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது.

சரக்கு சேதமானால் முதலில் எவ்வளவு வண்டிக்காரர் கட்ட வேண்டும்? 1,000 டாலரா, 2,500 டாலரா? ஃப்ளாட்பெட்டில் இது வெறும் காகிதக் கேள்வி அல்ல. தார்ப்பாயில் ஒரு கிழிசல், ஒரு இரவு மழை, சுருளில் துரு. பிடிக்கும் முன் எழுத்தில் விவரமும் கணக்கும் தர வேண்டும் என்பது விதி. ட்ரெய்லர் இல்லாமல் ட்ரக்கை மட்டும் ஓட்டும்போதான விபத்துக்குத் தனி பாப்டெயில் பாலிசி, வண்டிக்கு சேத பாலிசி, உடம்புக்கு ஆக்சிடென்ட் பாலிசி: மூன்றின் வாரச் செலவையும் கேட்டு மேலே சொன்ன கணக்கில் போடுங்கள்.

கம்பெனியின் பாதுகாப்பு நிலையை மத்திய அரசின் சேஃபர் இணையதளத்தில் கம்பெனியின் டாட் எண்ணை (போக்குவரத்துத் துறை தரும் பதிவு எண்) போட்டுப் பார்க்கலாம். வண்டிகள் சோதனையில் நிறுத்தப்பட்ட சதவீதமும் நாட்டுச் சராசரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கம்பெனியின் எண் கெட்டிருந்தால், உங்கள் வண்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எடைமேடைகளில் நிற்காமல் போகலாம் என்ற பச்சை விளக்கு வராமல் அடிக்கடி உள்ளே இழுக்கப்படுவீர்கள். ஒவ்வொரு முறையும் அரை மணி, சில நேரம் இரண்டு மணி.

கடைசியாக, விலகும் விதி. எஸ்க்ரோ (கம்பெனி பிடித்து வைக்கும் வைப்புத்தொகை) என்று 1,000, 2,000 டாலர் பிடித்திருப்பார்கள். லீஸ் முடிந்த 45 நாட்களுக்குள் கணக்கு முடித்துத் திருப்பித் தர வேண்டும். இருக்கும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியும் உண்டு. கதவில் ஒட்டிய கம்பெனிப் பெயரையும் எண்ணையும் எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்க லீஸில் இடம் வைக்கலாம், ஆகவே அதைக் கழற்றிய அன்றே ரசீதோடு அனுப்பிவிடுங்கள். பிளேட் கம்பெனி பெயரில் எடுத்திருந்தால், வருட நடுவில் விலகும்போது மீதி மாதங்களுக்கான பணம் யாருக்கு என்ற வரியைக் கையெழுத்துக்கு முன்பே தேடிப் பாருங்கள்.