மிச்ச சோலார் கரண்டில் வெந்நீர் என்று விற்கும் பெட்டியை வாங்காதீர்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மாடியில் சோலார் போட்டிருப்பவர்களும், போடலாம் என்று விலை விசாரித்துக்கொண்டிருப்பவர்களும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பேனல் மாட்டிய கையோடு, "மிச்சமாகும் கரண்டை வீணாக்காமல் கீசருக்குத் திருப்பிவிடலாம்" என்று சொல்லி ஒரு பெட்டியைத் தலையில் கட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு 26,000 ரூபாய் வாங்கினார்கள். உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்கிறேன். உண்மையிலேயே வேலை செய்யும் பெட்டியாக இருந்தாலும் அது நமக்கு ஏன் தேவையில்லை என்பதையும் சொல்கிறேன்.

எங்களுடையது மத்திய அரசின் மானியம் கிடைக்கும் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் போட்ட 3 கிலோவாட். 540 வாட் பேனல் ஆறு, கீழே பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் ஒரு இன்வர்ட்டர். மானியம் 78,000 ரூபாய் சொன்னபடி நேரடியாக வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது, உள்ளே வரும் கரண்டையும் வெளியே போகும் கரண்டையும் தனித்தனியாக எண்ணும் நெட் மீட்டரும் மாட்டிவிட்டார்கள். ஆகவே திட்டத்தின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. சோலார் போடுவது நல்ல காரியம்தான், போடுங்கள். என் சண்டை அதை மாட்டிக்கொடுத்த ஆட்களோடு.

அவர்கள் முதலில் சொன்ன கணக்கே தப்பு. "ஒரு நாளைக்கு 18 யூனிட் வரும் சார், உங்க வீட்டுக்கு 10 போதும், மிச்சம் 8 யூனிட் தினமும் சும்மா ஈபிக்குப் போகும்" என்றார்கள். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனலுக்கு நாளொன்றுக்குச் சராசரி நாலு, நாலரை யூனிட் என்பதுதான் நியாயமான கணக்கு. எங்கள் ஆறு பேனலுக்கு அது 13, 14 யூனிட். நல்ல வெயில் நாளில் 15 தொடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் 5 யூனிட்டோடு நின்றுவிடும் நாட்களும் உண்டு. வெயில் ஏற ஏறக் கரண்டும் ஏறும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட் அளவு 25 டிகிரி சூட்டில் சோதித்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். சித்திரை மதியத்தில் பேனல் 60 டிகிரிக்குப் போனால் எட்டில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தால் இன்னும் குறையும். இதையெல்லாம் இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் தெரியாமல் பேச முடியாது. அந்த 18 என்ற எண்ணே மிச்சத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காகச் சொன்னதுதான்.

மிச்சம் இருக்கிறது என்று நம்பவைத்துவிட்டால் பெட்டியை விற்பது சுலபம். போனில் ஒரு வெளிநாட்டு வீடியோவைக் காட்டினார்கள். குளிர் நாட்டில் ஒரு வீடு, ஆளுயரத் தண்ணீர் டாங்க், அதன் பக்கத்தில் அழகான ஒரு கருவி. "இதேதான் சார், நாங்க லோக்கலா அசெம்பிள் பண்றோம்" என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஓசூர் குளிருக்கு மார்கழியில் வெந்நீர் இல்லாமல் முடியாது. வீட்டில் வயசான அம்மா இருக்கிறார், அவருக்கு வருஷம் முழுக்க வெந்நீர் வேண்டும்.

பெட்டி மாட்டிய பிறகு தினமும் காலை 11 மணிக்கு கீசர் தானாக ஓடியது. முன்பக்கத்தில் 'சோலார் மோட்' என்று ஒரு பச்சை விளக்கு எரியும். ஒருநாள் வானம் மூடிக் கிடந்தது. இன்வர்ட்டர் ஆப்பில் பார்த்தால் வெறும் 400 வாட்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் கீசர் ஓடுகிறது, பச்சை விளக்கும் எரிகிறது. கீசர் 2,000 வாட். மீதி 1,600 வாட் எங்கிருந்து வருகிறது? கீழே போய் ஈபி மீட்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு படபடவென்று துடிக்கிறது, இம்போர்ட் எண், அதாவது ஈபியிலிருந்து நாம் எடுக்கும் யூனிட், ஏறிக்கொண்டிருக்கிறது. கீசரின் சுவிட்சை அணைத்ததும் துடிப்பு மெதுவாகிவிட்டது. 'மிச்ச கரண்டில்' ஓடுவதாகச் சொன்ன கீசர் ஈபி கரண்டைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் தெரு எலக்ட்ரீசியன் தம்பியைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். நாலு ஸ்க்ரூ. உள்ளே ஒரு டைமர், அது சொல்லும்போது கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ஒரு கான்டாக்டர், லோடு அதிகமானால் அணையும் ஒரு எம்சிபி சுவிட்ச். அவ்வளவுதான். "அண்ணே, இது மோட்டாருக்குப் போடுற டைமர். 11 மணிக்கு ஆன், 1 மணிக்கு ஆஃப்னு செட் பண்ணி வெச்சிருக்காங்க. சோலாருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். பச்சை விளக்கை வயரோடு தொடர்ந்து பார்த்தால் நேராகக் கரண்ட் வரும் லைனில் இணைத்திருந்தார்கள். பெட்டிக்குக் கரண்ட் வந்தால் அது எரியும், நள்ளிரவிலும் எரியும்.

அதைவிட என் வயிற்றைக் கலக்கியது வேறொன்று. கீசரின் பழைய பிளக்கை வெட்டிப் பெட்டியில் சேர்த்தபோது எர்த் வயரைச் சேர்க்காமல் டேப் சுற்றி விட்டிருந்தார்கள். அம்மா குளிக்கும் குளியலறை. கீசரின் எலிமென்ட் என்றைக்காவது பழுதாகிக் கரண்ட் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஏமாற்றிய பணத்தைக் கூட விட்டுவிடலாம், இதை என்னால் மன்னிக்க முடியாது. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது பெட்டி வழியாக கீசர் ஓடுகிறது என்றால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஒரு நல்ல எலக்ட்ரீசியனை வைத்து எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உண்மையான கருவி எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். மீட்டரிலிருந்து வீட்டுக்குள் வரும் மெயின் வயரைச் சுற்றி ஒரு கிளிப் மாதிரி சி.டி. சென்சார் மாட்டியிருக்க வேண்டும். கரண்ட் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா, எவ்வளவு என்பதை அதுதான் அளந்து சொல்லும். வெளியே 600 வாட் போகிறது என்றால் கீசருக்கும் 600 வாட்தான் விடும். மேகம் வந்து 200 ஆனால் 200 தான். அப்படி அளந்து சொல்ல எதுவுமே இல்லாத பெட்டிக்கு மிச்சம் எவ்வளவு என்று தெரிய வழியே கிடையாது.

சரி, அப்படிப்பட்ட நல்ல கருவியாகவே கொடுத்திருந்தால்? அப்போதும் பயனில்லை. எங்கள் கீசர் 15 லிட்டர். 24 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.63 யூனிட் போதும், அதற்கு மேல் அதில் சூட்டைச் சேர்த்து வைக்க இடமில்லை, தெர்மோஸ்டாட் அணைத்துவிடும். அவர்கள் சொன்ன 8 யூனிட்டைச் சூடாகச் சேமிக்க ஏறக்குறைய 190 லிட்டர் டாங்க் வேண்டும். வீடியோவில் இருந்தது அப்படிப்பட்ட டாங்க். நம் குளியலறையில் தொங்குவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. போதாததற்கு நாம் குளிப்பது காலையில். மதியம் காய்ந்த தண்ணீர் மறுநாள் காலைக்குள் ஓரளவு ஆறிவிடும், பல நாள் மறுபடியும் சுவிட்சைப் போட வேண்டியதுதான்.

இன்னொரு பெரிய விஷயம், "சும்மா ஈபிக்குப் போகிறது" என்ற பேச்சு. நெட் மீட்டர் இருக்கும் வீட்டில் பகலில் வெளியே போகும் ஒவ்வொரு யூனிட்டும் இரவில் நாம் எடுக்கும் யூனிட்டிலிருந்து கழிக்கப்படுகிறது. இரண்டு மாத பில்லில் இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். மிஞ்சினால் அடுத்த பில்லுக்குப் போகும். கீசருக்குத் திருப்பிய யூனிட் எக்ஸ்போர்ட் கணக்கில் ஏறாது. ஒரு பக்கம் மிச்சமாவது இன்னொரு பக்கம் குறைந்துவிடுகிறது. இங்கிலாந்து போன்ற இடங்களில் நிலைமை வேறு. 2019 மார்ச் வரை அங்கே சோலாருக்கான அரசுத் திட்டத்தில் சேர்ந்த வீடுகள் பலவற்றுக்கு, உற்பத்தியில் பாதி வெளியே போனதாக வைத்துக்கொண்டே பணம் கொடுத்தார்கள். நிஜமாகப் போனாலும் போகாவிட்டாலும் அதே பணம் என்பதால் மிச்சத்தைத் தண்ணீரில் போட்டவர்களுக்கு லாபம். அங்கே கிடைத்த லாபத்தைக் காட்டி இங்கே பெட்டி விற்கிறார்கள்.

நிறைய வெந்நீர் தேவைப்படும் வீடு என்றால் 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டரே மேல். பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக்கும், வாட்டர் ஹீட்டர் அதே இடத்தில் இரண்டு மடங்குக்கும் அதிகமாகச் சூட்டைப் பிடிக்கும். போர் தண்ணீர் உப்பு என்றால் குழாயில் உப்புப் படியும், அதை மட்டும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

மாட்டியவர்களுக்கு போன் செய்தபோது முதலில் "ஆளை அனுப்புறோம் சார்" என்றார்கள். யாரும் வரவில்லை. பெட்டியைத் திறந்த படங்களை அனுப்பியதும் பேச்சு மாறியது. "இது ஸ்மார்ட் டைமர் சார், மிச்சத்தை அளக்கும்னு நாங்க எப்ப சொன்னோம்?" என்று கேட்டார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தால் 'எனர்ஜி மேனேஜ்மென்ட் யூனிட்' என்று மட்டும் இருக்கிறது. பேனல் பில்லில் சேர்க்காமல், ஜிஎஸ்டி எண்கூட இல்லாமல், தனித் தாளில் எழுதிக்கொடுத்தது. நல்லவேளை, விற்கும்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளில் "மிச்ச கரண்டை அளந்து கீசருக்குக் கொடுக்கும்" என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை அப்படியே பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். அதற்கும் அவர்கள் அசையாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே மனுவாகவும் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது.

இந்தப் பக்கத்தில் இதே மாதிரி பச்சை விளக்குப் பெட்டி வாங்கியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். மேகமூட்டமான ஒரு நாளில் கீசர் ஓடும்போது மீட்டரையும் இன்வர்ட்டர் ஆப்பையும் சேர்த்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீசியனை வைத்து, மெயினை அணைத்துவிட்டுத் திறந்து உள்ளே படம் எடுங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். எடுத்துவைத்துவிட்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள், சேர்ந்தே மனு போடுவோம்.