கார்சினியா கேப்சூல்: வாங்குவதற்கு முன்

கார்சினியா என்பது குடம்புளிதான். அதன் சாற்றைக் காய்ச்சி உலர்த்தி, ‘ஃபேட் பர்னர்’ (கொழுப்பைக் கரைப்பது) என்று ஆன்லைனில் விற்கும் சரக்கு இது. விளம்பரத்தில் அறிவியல் இல்லாமல் இல்லை. சோறும் சர்க்கரையும் கல்லீரலில் கொழுப்பாக மாறும் வழியில் ஏடிபி சிட்ரேட் லையேஸ் என்ற நொதி இருக்கிறது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியே வரும் சிட்ரேட் என்ற பொருளை உடைத்து, கொழுப்பு அமிலத்துக்கு மூலப்பொருளான அசிட்டைல் கோ-ஏ-வைத் தருவது அதுதான். குடம்புளியில் உள்ள ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம், சுருக்கமாக எச்சிஏ, பார்வைக்குச் சிட்ரேட் மாதிரியே இருப்பதால் நொதியில் சிட்ரேட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கிறது. 1969லேயே சோதனைக்குழாயில் காட்டிவிட்டார்கள்.

இனி லேபிள். முன்பக்கம் பெரிதாக 500 மி.கி., பின்பக்கம் பொடியாக ‘60% எச்சிஏ’. அப்படியானால் ஒரு கேப்சூலில் 300 மி.கி.தான். நாளுக்கு இரண்டு போட்டால் 600. 1998இல் ‘ஜாமா’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில் கொடுத்தது நாளுக்கு 1500 மி.கி. எச்சிஏ, இந்தக் கேப்சூலில் ஐந்து. அவ்வளவு கொடுத்தும் என்ன ஆயிற்று? 135 பேர், 12 வாரம், எல்லோருக்கும் ஒரே டயட். மருந்து எடுத்தவர்கள் சராசரி 3.2 கிலோ குறைந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ! இந்த வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆக, மருந்தால் பலன் இல்லை.

காரணம், தொப்பையில் சேரும் கொழுப்பில் பெரும்பங்கு சாப்பாட்டு எண்ணெயிலிருந்து நேராக வருவது. அதற்கு இந்த நொதியே தேவையில்லை. தவிர, எச்சிஏ செல்லுக்குள் எளிதில் நுழையாது.

அப்படியும் வாங்குகிறவர்கள், எச்சிஏ எந்த உப்பாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று லேபிளில் பாருங்கள். கால்சியம் உப்பு மட்டும் என்றால் தண்ணீரில் சரியாகக் கரையாது. பொட்டாசியம் கலந்தது கரையும், ஆனால் ஈரம் இழுத்துக் கட்டிதட்டும். டப்பாவை இறுக மூடுங்கள். உப்பாக்காத வெறும் அமிலம் லாக்டோன் என்ற வேறு வடிவமாக மாறிவிடும், அது நொதியை ஏறக்குறைய தொடாது. உப்பின் பெயரே போடாத லேபிளைத் தள்ளுங்கள்.

கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் தொடவே வேண்டாம். கார்சினியாவால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. குமட்டல், கண்ணில் மஞ்சள், சிறுநீர் கருத்துப் போவது என்று தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், எல்எஃப்டி (கல்லீரல் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை) எடுக்கச் சொல்வார். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். ‘மூலிகைதானே’ என்று பலர் டாக்டரிடம் சொல்லாமல் விடுவது இந்தக் கேப்சூலைத்தான்.