ஒரே செயலி, இரண்டு காவிரி: அல்சூரிலிருந்து ஒரு மதிப்பீடு

நான்கு வரியில் செய்தி தரும் இந்தச் செயலியை 2023 செப்டம்பரில், காவிரிச் சிக்கல் சூடுபிடித்திருந்த வாரங்களில், கைபேசியில் ஏற்றினேன். கடையைத் திறக்கலாமா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்பதையெல்லாம் பெங்களூருவின் அல்சூர்த் தமிழர்கள் அப்போது செய்தியைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். அந்த வகையில் செயலி ஏமாற்றவில்லை. செப்டம்பர் 26 அன்று பெங்களூரு முழு அடைப்பு, 29 அன்று கர்நாடக முழு அடைப்பு என்ற அறிவிப்புகள் நாளிதழுக்கு முன்பே வந்து சேர்ந்தன. தமிழும் நல்ல தமிழ். ஒற்றுப்பிழைகூட அரிதாகவே கண்ணில் படுகிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் மாடிவீட்டுக் கன்னடப் பெரியவர் இதே செயலியைக் கன்னடத்தில் படிக்கிறார். நொடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் நீர் திறக்க வேண்டும் என்ற காவிரி மேலாண்மை ஆணையத்தின் உத்தரவில் தலையிட உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 21 அன்று மறுத்தபோது, இருவரும் கைபேசிகளை அருகருகே வைத்துப் பார்த்தோம். என் திரையில் தமிழகத்துக்கு வெற்றி. அவர் திரையில் கர்நாடகத்துக்குப் பின்னடைவு. தமிழகம் கூடுதலாகக் கேட்ட நீரும் கிடைக்கவில்லை என்பது இரண்டிலுமே இல்லை. பொய் என்று ஒரு சொல்லையும் சுட்ட முடியாது. ஆயினும் நான் மகிழவும் அவர் கொதிக்கவும் அந்த நான்கு வரிகள் போதுமானவையாக இருந்தன.

எண்களைக் கையாளும் விதம் இன்னும் மோசம். திறக்கும் நீர் நொடிக்கு இத்தனை கன அடி என்றும் அணையின் இருப்பு டி.எம்.சி.யிலும் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) வருகின்றன, இரண்டையும் இணைத்துப் பார்க்க ஒரு வரி உதவியும் இல்லை. நொடிக்கு 5,000 கன அடி 15 நாள் ஓடினால் ஏறத்தாழ ஆறரை டி.எம்.சி. ஆகும். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பின்படி மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஓராண்டுக்குத் தர வேண்டியது 177.25 டி.எம்.சி. தாளில் கணக்குப் போட்டுக் காட்டியபோது பெரியவர், "இவ்வளவுதானா?" என்றார். நானும் வாய் திறக்கவில்லை. ஏனெனில் அதே தீர்ப்பு தமிழகத்தின் பங்கில் குறைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கானது. என் வீட்டுக் குழாயில் வருவதும் அந்தக் கணக்கில் அடங்கும். செயலி அதை ஒருமுறையும் சொன்னதில்லை.

முழு அடைப்பு நாளில், 2016 செப்டம்பரில் இங்கே பேருந்துகள் எரிக்கப்பட்டபோது எடுத்த படத்தைப் புதிய செய்தியுடன் சேர்த்துவிட்டார்கள். தருமபுரியிலிருந்து தங்கை பதறியடித்து அழைத்தாள். புகார் அனுப்பினேன், மறுநாள் படம் மாறியிருந்தது, திருத்தம் என்ற குறிப்பு மட்டும் எங்குமில்லை.

விளம்பரமின்றிப் படிக்க ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள், நான் கட்டவில்லை. மின்தடை, போக்குவரத்து அறிவிப்புகளுக்காக வைத்திருக்கிறேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்று தமிழுக்காக.