அடல் சுரங்கத் திறப்பு: மணாலியில் கூடலாமா, சிஸ்ஸுவிலா?

இமாச்சலப் பிரதேசத்தில் மணாலிப் பக்கத்தையும் லாஹௌல் பள்ளத்தாக்கையும் இணைக்கும் சாலைச் சுரங்கம் இது. 2020 அக்டோபர் 3 திறப்பு. சாலைப் பிரியர்கள் நாம் எங்கே கூடுவது?

மணாலி என்றால் தங்க அறை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் பக்கத்திலேயே. ஆனால் சுரங்கத்துக்குள் போகாமலே பேசிக் கலைந்துவிடுவோம்.

சுரங்கத்தின் மறுமுனைக்கு அருகே உள்ள சிஸ்ஸு என்றால் சுரங்கத்தின் 9.02 கிலோமீட்டரையும் ஓட்டி முடித்துத்தான் உட்காருவோம். தேவதாரு மரங்களைப் பார்த்தபடி நுழைந்து, கால் மணி நேரத்துக்குள் லாஹௌலின் மொட்டைப் பாறைகளுக்கு நடுவே வெளியே வரும் அந்தக் கணம் போதும். 150 மீட்டருக்கு ஒரு அவசரத் தொலைபேசி இருக்கும், ஓட்டும்போதே கவனியுங்கள். உள்ளே வண்டியை நிறுத்தக் கூடாது. ஆபத்தில் தப்பிக்கும் வழி நம் சக்கரங்களுக்கு அடியிலேயே ஓடுகிறது. ரோத்தங் கணவாய் பனியில் மூடினால் மாதக்கணக்கில் தனித்துக் கிடந்த பள்ளத்தாக்கு லாஹௌல். என் ஓட்டு சிஸ்ஸுவுக்கே. கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.